குமாருக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

டேய் குமாரு,

பதில் போடாமல் இத்தனை மாசம் இருந்ததற்குத் திட்டுவதென்றால் முதலில் திட்டி முடித்துவிடு. இங்கே எல்லாரும் சுகம். பழைய லயத்து வீடுகள் இருந்த இடத்தில் நட்ட செம்பனை குலை தள்ள ஆரம்பித்துவிட்டது. நம்ம தபேலாக்காரனுக்கு இன்னொரு பேரன் பிறந்திருக்கிறான். அதுவும் அவனை மாதிரியே நேரம் காலம் பார்க்காமல் தாளம் போடுகிறதாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஜாஸ் படிக்கிறேன். சிரித்துவிட்டு வா, காத்திருக்கிறேன்.

ஈப்போவில் ஒரு கல்யாண விருந்துக்குக் கீபோர்ட் வாசிக்கப் போயிருந்தேன். பேஸ் கிட்டார் வாசிக்க வந்தவன் சின்னப் பையன். ரெண்டு பாட்டு முடிந்ததும் பக்கத்தில் வந்து, "அங்கிள், உங்க இடது கை என் வேலையையும் சேர்த்துப் பாக்குது லா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. நீ எத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்று பேஸ் வாசித்திருக்கிறாய், ஒரு நாள் இப்படிச் சொன்னது உண்டா? சாப்பாட்டு இடைவேளையில் அவனே என் கீபோர்டில் நாலு கட்டையை அழுத்திக் காட்டினான். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

டி மைனர் செவன் கார்ட் என்றால் நம் கை தானாக டி-யில் போய் உட்காரும். அவன் டி-யைத் தொடவே இல்லை. சுண்டுவிரல் எஃப், நடுவிரல் ஏ, ஆள்காட்டி விரல் நடு சி, கட்டைவிரல் இ. டி-யிலிருந்து எண்ணினால் மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பது. ரூட், அதாவது கார்டின் அடி ஸ்வரம், கிடையாது. அடுத்து ஜி செவன். ஆள்காட்டி விரல் மட்டும் சி-யை விட்டு பி-க்கு இறங்குகிறது, மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஜி-யையும் காணோம்! பிறகு சி மேஜர் செவன்: இப்போது பி அசையாமல் நிற்க, மற்ற மூன்று விரலும் பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு இறங்கும். இ, ஜி, பி, டி. மூன்று கார்ட் போய்விட்டது, கை நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. நான் இத்தனை காலமும் இதே மூன்றுக்கு விசைப்பலகை முழுக்கத் தாவிக்கொண்டிருந்தேன்.

நம்ம பாட்டு மாஸ்டர் இருந்திருந்தால், "ச இல்லாம சங்கீதமாடா?" என்று அந்தப் பிரம்பைத் தேடியிருப்பார். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். தம்புரா ச-வைப் பிடித்துக்கொண்டிருக்கிற தைரியத்தில்தானே பாடகர் காந்தாரத்தில் போய் அவ்வளவு நேரம் நிற்கிறார்? இங்கே அந்தத் தம்புரா ஒரே இடத்தில் நிற்காமல் கார்டுக்கு கார்ட் நடந்து போகும். பேஸ் என்பது அதுதான், அதாவது நீ.

பட் பவல் என்ற ஜாஸ் பியானோக்காரர் காலத்தில்கூட இடது கையில் ரூட்டும் ஏழாவதும் என்று ரெண்டே ஸ்வரம் பிடித்துவிட்டு வலது கையை ஓடவிடுவது வழக்கம். 1950-களில் அகமத் ஜமால், ரெட் கார்லண்ட், வின்டன் கெல்லி, பில் எவன்ஸ் எல்லாரும் ரூட்டை பேஸ்காரரிடமே விட்டுவிட ஆரம்பித்தார்கள். கை சும்மா ஆனதும் ஒன்பதையும் பதிமூன்றையும் உள்ளே கொண்டுவந்தார்கள். அந்தப் பளபளப்பு அதனால்தான்.

ஒரே வடிவம் போதாது என்பதுதான் தலைவலி. எஃப் சுருதிக்குப் போனால் அந்த முதல் வடிவம் ஒன்று மேலே ஏறி வலது கையை இடிக்கும், இல்லை கீழே போய்க் கொழகொழவென்று ஆகிவிடும். எல்லாம் நடு சி-யைச் சுற்றியே இருக்க வேண்டும். அதனால் கவிழ்த்துப் போட்ட இன்னொரு வடிவம்: ஏழு கீழே, ஒன்பது, மூன்று, ஐந்து. டி மைனருக்கு சி, இ, எஃப், ஏ. இந்த இ-யும் எஃப்-பும் பக்கத்தில் பக்கத்தில் உரசுகிறதே, அதைக் கேட்கத்தான் ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்கிறேன். வீட்டுக்காரி, "பாட்டு எப்பதான் ஆரம்பிக்கும்?" என்கிறாள்.

வேடிக்கை கேள். நம்ம கீபோர்டில், தானே பக்கவாத்தியம் வாசிக்கிற அந்த ஸ்டைலைப் போட்டு, இடது கையில் எஃப், ஏ, சி, இ அழுத்தினால், அந்த மண்டு மிஷின் அதை எஃப் மேஜர் செவன் என்று நினைத்துக்கொண்டு பேஸில் எஃப் வாசிக்கிறது! நான் டி மைனர் வாசிக்கிறேன், அது வேறு பாட்டு வாசிக்கிறது. ஆனால் அது சொல்வதிலும் தப்பில்லை. அதே நாலு ஸ்வரத்துக்கு அடியில் டி வந்தால் டி மைனர், எஃப் வந்தால் எஃப் மேஜர், ஜி வந்தால் தொங்கிக்கொண்டு நிற்கிற ஒரு ஜி. அந்த ஜி செவனுக்குப் பிடித்த எஃப், ஏ, பி, இ இருக்கிறதே, அடியில் நீ டி ஃபிளாட் போட்டால் அது கறுத்துப்போன டி ஃபிளாட் செவன். என் விரல் அசைந்திருக்காது. நான் என்ன வாசித்தேன் என்பதை நீ முடிவு பண்ணுவாய். யோசித்துப் பார், உனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எவன்ஸுக்கு ஸ்காட் லஃபாரோ என்று ஒரு பேஸ்காரர். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் இவர்களும் டிரம்ஸில் பால் மோஷியனும் வாசித்ததைப் பதிவு பண்ணினார்கள். கேட்டால், பேஸ் பின்னால் நின்று துணை வாசிக்கிற மாதிரியே இருக்காது. பியானோவோடு பேசிக்கொண்டிருக்கும், சில நேரம் சண்டைகூடப் போடும். ஜூலை 6-ஆம் தேதி லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். இருபத்தைந்து வயது. எவன்ஸ் அதற்கப்புறம் பல மாதம் மேடைப் பக்கமே வரவில்லை.

அதைப் படித்த ராத்திரிதான் உனக்கு ஃபோன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. இன்னும் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலம் தாண்டித்தான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாயா? தூக்கக் கலக்கத்தில், மழையில், அவ்வளவு வண்டிக்கு நடுவில்? பஸ் இருக்கிறது குமாரு. ஒரு மணி நேரம் கூட ஆகட்டும். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சரி, மிரட்டியது போதும். இங்கே பேஸ் வாசிக்க ஆளே இல்லை. சர்ச் பையன் கோலாலம்பூர் போய்விட்டான், கிராணி மகன் இப்போது ரியல் எஸ்டேட். நானே இடது கையில் ரூட்டும் வாசித்து வலது கையில் இதைப் பிடித்துப் பார்த்தேன். அப்புறம் பாட்டை எந்தக் கையில் வாசிப்பது, மூக்காலா?

உன் அக்கா வீட்டுக்குப் போய் உன் கிட்டாரைப் பார்த்துவிட்டு வந்தேன். கழுத்து வளையவில்லை, கம்பி மட்டும் துரு. தீபாவளிக்கு வரும்போது ஒரு செட் வாங்கி வா, ஜொகூரில் நல்லதாகக் கிடைக்கும். காசு கேட்காதே, அந்த கேசட் பாக்கியில் கழித்துக்கொள்கிறேன். எஃப்-பில் ஆரம்பிப்போம், உனக்கு அது ஆகாது என்று தெரியும்.

உன்,
செல்வம்