மேசையைப் பார்த்த எட்டுப் பேர்

அன்புள்ள முத்து,

ஆறு மாதமாகக் கடிதம் இல்லை. திட்டுவதை ஈப்போவில் இருந்தபடியே திட்டி முடித்துவிடு. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். என் முட்டி மட்டும் படி ஏற மாட்டேன் என்கிறது.

எங்கள் புது பாஸ் டென்மார்க்காரர். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு வாய் வரவில்லை; அவரைக் கூப்பிடாமலேயே நான்கு மாதம் ஓட்டிவிட்டேன். போன வாரம் மீட்டிங்கில், வெளியே போய்விட்ட ஒரு விலைக் கணக்கில் பெரிய தப்பைக் கண்டுபிடித்தார். "யாருக்காவது முன்பே தெரியுமா?" என்றார். எட்டுப் பேரும் மேசையைப் பார்த்தோம். எட்டுப் பேருக்கும் தெரியும், முத்து. கணக்குப் போட்டவர் நம் லிம். அம்மா இறந்தபோது எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மூன்று இரவும் என்னோடு உட்கார்ந்திருந்தாரே, அவரேதான். மூன்று மாதத்தில் ஓய்வு. எப்படிச் சொல்வது?

பாஸ் கோபப்படவில்லை. "எங்கள் ஊரில் கடைசியாகச் சேர்ந்த பையன்கூடச் சொல்லியிருப்பான்" என்றார், அவ்வளவுதான். சோறு இறங்கவில்லை எனக்கு.

இரவு மகளிடம் புலம்பினேன். அவள் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சுக்காரரைப் பற்றிச் சொன்னாள். 1967 முதல் 1973 வரை பல நாட்டு ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கேள்வித்தாள்களை வைத்து, மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளியை எந்த நாட்டார் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்று எண் போட்டாராம். டென்மார்க் 18. சிங்கப்பூர்க்காரர்கள் நாங்கள் 74. உன் மனைவியின் நாடு மலேசியா 104! நூற்றுக்கு மேலும் மார்க் வாங்க உங்களால்தான் முடியும்.

ஆனால் அந்த எண் எங்கள் கதையில் பாதியைத்தான் சொல்கிறது. லிம் என்ன எனக்கு பாஸா, பயப்பட? இது நம் ஆளை விட்டுக்கொடுக்காத புத்தி. தேசிய சேவையில் தெக்கோங் தீவில் பயிற்சி எடுத்தபோது கண்ணாடிக்காரன் செய்த வேலைக்கு செக்‌ஷன் முழுக்கத் தண்டால் எடுத்தோமே, யாராவது வாயைத் திறந்தோமா? 1991இல் அரசாங்கம் அறிவித்த ஐந்து விழுமியங்களில் ஒன்று, மோதல் வேண்டாம், கருத்திணக்கம் வேண்டும் என்பது. எனக்கு இன்றும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் எட்டுப் பேர் மேசையைப் பார்த்தது எந்த இணக்கத்தில் சேர்த்தி?

நேற்று லிம்மைக் கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டார்: "உனக்கு முன்பே தெரியும்தானே? எனக்காவது சொல்லியிருக்கலாமே."

கோப்பிக்குக் காசும் அவர்தான் கொடுத்தார்.

பதில் போடு.

உன்,
ராஜா