குடலைத் திறந்து காட்டிய பக்கங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய இணையத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மின்னி மின்னி மறையும் எழுத்து, மண்வெட்டியோடு நிற்கும் 'பணி நடைபெறுகிறது' பொம்மை, கேட்காமலே பாடத் தொடங்கும் இசை எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, இந்த அலங்கோலத்துக்காகவா மூத்த வலை வடிவமைப்பாளர்கள் ஏங்குகிறார்கள் என்று கட்டுரையாளர் கேட்கிறார். 1997 முதல் இந்தத் தொழிலில் சோறு உண்பவன் நான். அந்த மின்னும் எழுத்து எனக்கு அன்றைக்கே பிடிக்காது.

முதலில் ஒரு திருத்தம். எழுத்தையும் படத்தையும் அட்டவணைக் கட்டங்களுக்குள் வைத்துப் பக்கங்களைக் கட்டியதை அவர் அறியாமை என்கிறார். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழி 1996 டிசம்பரிலேயே வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அன்றைய உலாவிகளான நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் அதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டன. ஒன்றில் நிமிர்ந்து நிற்கும் பக்கம் மற்றொன்றில் சரிந்து கிடக்கும். அட்டவணைதான் ஓரளவுக்காவது இரண்டிலும் சொன்ன இடத்தில் நின்றது. இடைவெளி வேண்டுமென்றால், ஒரே ஒரு பிக்சல் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஜிஃப் படத்தை வைத்து இழுத்து நீட்டுவோம். வேறு வழி இல்லாதவர்களின் கைவேலை அது. (பார்வையற்றோருக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் எங்கள் அட்டவணைகளுக்குள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.)

அந்தக் கைவேலையை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. பிடித்த பக்கத்தில் 'வியூ சோர்ஸ்' என்பதை அழுத்தினால் அதன் குடல், அதாவது அதை உருவாக்கிய மூலநிரல், முழுவதும் வெளியே வந்துவிடும். வேண்டிய பகுதியை எடுத்து நம் பக்கத்தில் ஒட்டி, நிறத்தை மாற்றி, எது உடைகிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றோம். 1993 ஏப்ரல் 30 அன்று வலை பிறந்த இடமான செர்ன் ஆய்வகம் அதன் மென்பொருளைக் காசு எதுவும் கேட்காமல் உலகத்துக்கே விட்டுக்கொடுத்தது. அந்தத் தாராளம் எங்களுக்கும் தொற்றிக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன்.

1998இல், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளத்தில் இருந்த ஒருவரின் பக்கத்திலிருந்து பட்டியல் அமைப்பை அப்படியே எடுத்தேன். ஒரு வாரத்தில், முன்பின் தெரியாத அவரிடமிருந்து மின்னஞ்சல். "உங்கள் வீட்டு விருந்தாளிகள் என் கணக்கில் ஏறுகிறார்கள்" என்று தொடங்கியிருந்தார். பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக் காட்டும் அவருடைய வருகை எண்ணியின் வரியையும் சேர்த்து நகலெடுத்திருக்கிறேன்! வெட்கத்தில் காது சுட்டது. அடுத்த வரியில் அவர் கோபப்படவில்லை. என் பக்கம் நெட்ஸ்கேப்பில் வெறும் வெள்ளையாகத் தெரிகிறது என்றும், கடைசி அட்டவணையின் டேகை, அதாவது அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் குறியை, மூட மறந்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தார். என்னிடம் எக்ஸ்ப்ளோரர் மட்டுமே இருந்தது. அது மூடாத டேகைப் பெரிய மனதோடு மன்னித்துவிடும், நெட்ஸ்கேப் மன்னிக்காது. எத்தனை பேர் அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்களோ, எழுதியவர் அவர் ஒருவர்தான்.

நான் ஏங்குவது அந்த மின்னஞ்சலுக்காக. இன்றைய பெரிய தளம் ஒன்றின் மூலநிரலைத் திறந்தால், இயந்திரம் சுருக்கிக் கசக்கிய எழுத்துகள் ஒரே வரியாக ஓடுகின்றன. வேகத்துக்காக நானும் தினமும் அப்படித்தான் செய்கிறேன். குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் முதன்முதலில் திறந்து பார்க்கும் ஒரு சிறுவனுக்கு அங்கே கற்க என்ன இருக்கிறது?

2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அவருடைய பக்கமும் போய்விட்டது. உங்கள் கட்டுரையைப் படித்த அன்றிரவு, பழைய வலைப்பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினேன். பழைய நகல் ஒன்று கிடைத்தது. பட்டியல் அப்படியே இருக்கிறது. வருகை எண்ணி இருந்த இடத்தில் மட்டும், படம் கிடைக்கவில்லை என்று காட்டும் கிழிந்த சின்னம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்