கிணற்றுப்படி வழுக்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அச்சகத்தில் உன் தங்கச்சி கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு கொடுத்தார்கள், இதோடு வைத்திருக்கிறேன். மஞ்சள் ஓரம் போட்டது உன் தங்கச்சிக்குப் பிடித்திருக்கிறது. இன்னொன்று அம்மாவுக்கு. உன் ஓட்டு எதற்கு என்று சொல்லிவிடு.

போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அது தவிர, வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும் விஷயம் ஒன்றும் இதில் வருகிறது.

மரம் அறுக்கிற மிஷின் ஆர்டர் போட்டிருக்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். கார்த்திகை தீபத்துக்கு வரும்போது சிநேகிதன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு வந்து, ஆற்றோரப் புளியமரத்தை அறுத்துப் போட்டுவிட்டால் பாப்பா கல்யாணத்துக்கு விறகுச் செலவு மிச்சம் என்றாய். அம்மா பூரித்துப் போனாள். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

முதலில் சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகையில் வெட்டின புளி தையில் எரியாது. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பிளந்து, காற்றுப் போக அடுக்கி, ஆறு மாதமாவது காயவிட வேண்டும். ஈர விறகை வைத்துக்கொண்டு சமையல்காரர் ஊதி ஊதியே ஓய்ந்துபோவார். சம்பந்தி வீட்டார் ஆம்பூர்க்காரர்கள் வேறு. பிரியாணி அண்டா மூடிமேல் தணல் அள்ளிக் கொட்டித் தம் போடுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள். அவர்கள் எதிரில் நாம் புகையை மட்டும் போட்டோம் என்றால் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். நீ தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அது பாதி விழுந்த மரம்தானே, மீதியைத் தள்ளினால் போதும் என்று நினைத்திருக்கிறாய். பாதி விழுந்த மரத்தைவிட நிற்கிற மரம் எவ்வளவோ மேல். 2021 நவம்பரில் கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தபோது கரையை அரித்து இந்த மரத்தைச் சாய்த்தது. ஒரு பக்கத்து வேர் மண்ணோடு பெயர்ந்து ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நிற்கிறது. தலை போய் நம் மாமரத்துக் கவையில் மாட்டியிருக்கிறது. அதாவது இரண்டு முனையிலும் ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் நீ அறுத்தால் எந்த முனை எந்தப் பக்கம் போகும் என்று அனுபவசாலிக்கே சட்டென்று சொல்ல வராது.

வேர்ப்பக்கத்தைப் பற்றிக் கேள். தண்டின் பாரம் இருக்கிற வரைக்கும்தான் அந்த வேர்ச்சுவர் நிமிர்ந்து நிற்கும். தண்டை அறுத்து விட்டதும் அது அப்படியே பழைய குழிக்குள் திரும்பி உட்கார்ந்துவிடும். பிள்ளைகள் அந்தக் குழியில் இறங்கித்தான் விளையாடுகிறார்கள், நேற்றுகூட விரட்டிவிட்டு வந்தேன். குழிக்குள் பாம்புச் சட்டை ஒன்றும் கிடந்தது. மாமரத்துப் பக்கமோ அதைவிட மோசம். மாட்டிக்கொண்ட மரத்துக்கு அடியில் யாரும் நிற்கவே கூடாது. அதைத் தாங்குகிற மரத்தை வெட்டினால் இரண்டும் சேர்ந்து தலையில் இறங்கும். இரண்டடி குறுக்களவுள்ள தண்டில் மூன்றடித் துண்டு ஒன்று, பச்சையாக இருந்தால், கால் டன்னுக்குக் குறையாது. அதைக் கையால் பிடித்துவிடலாம் என்று நினைப்பவன் இல்லை நீ. ஆனால் விழும்போது யோசிக்க நேரம் இருக்காது.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்பாய். தறிக்காரனுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்றும் கேட்பாய். சரி, சொல்லிவிடுகிறேன்.

என் இடது கால் ஏன் வளைந்திருக்கிறது என்று நீ ஒன்றாம் வகுப்பில் கேட்டாய். கிணற்றுப்படி வழுக்கி விழுந்தேன் என்றேன். வழுக்கவில்லை.

1994 வைகாசி. அப்போது நம் மாவட்டத்துக்கு வடஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து ஒரு வாரம் இருக்கும். நூல் வராமல் தறி நின்றுபோயிருந்தது, சீட்டுப் பணம் இரண்டு தவணை பாக்கி. உனக்கு ஒன்றரை வயது. செங்கல் சூளைக்கு விறகு கேட்கிறார்கள் என்று உன் மாமா வந்து சொன்னார். ஏரிக்கரையில் வேலமரம் ஒன்று தண்ணீர்ப் பக்கம் நன்றாகச் சாய்ந்து நின்றது. அது புறம்போக்கு மரம். தொடக் கூடாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆகையால் விடியற்காலையில் போனோம்.

ரெண்டாள் ரம்பம் ஒன்றை இரவல் வாங்கியிருந்தோம். மரம்தான் ஏற்கெனவே சாய்ந்திருக்கிறதே, பின்னால் அறுத்துக்கொண்டே போனால் தானாக விழும் என்பது எங்கள் கணக்கு. சாய்கிற பக்கம் முதலில் வாய் மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுக்க வேண்டும் என்று தொழில்காரர்கள் சொல்வார்கள். நாங்கள் அதை வீண் வேலை என்று விட்டோம்.

சாய்ந்த மரத்தின் முதுகு நாண் ஏற்றின வில் மாதிரி இழுபட்டு இருக்கும், தம்பி. இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பாதி அறுத்ததும் உள்ளே கிர்ரென்று ஒரு சத்தம். என்ன என்று பார்க்க நான் பின்பக்கமாகப் போய்க் குனிந்தேன். மரம் ஒடியவில்லை. அறுத்த இடத்திலிருந்து மேலே நெடுக்காகப் பிளந்தது. முன்பாதி அடியோடு ஒட்டி நிற்க, பின்பாதி என் தலைக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போய், பின்னால் ஒரு உதை உதைத்து, வழுக்கி என் காலில் இறங்கியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு. குனியாமல் நின்றிருந்தால் மோவாயில் பட்டிருக்கும். அப்புறம் இந்தக் கடிதம் ஏது, பாப்பா ஏது.

மாமா தன் தோள் துண்டை என் காலில் கட்டி, சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கிணற்றுப்படி என்று முதலில் சொன்னது அவர்தான். புறம்போக்கு மரம் ஆயிற்றே என்று நானும் அதையே பிடித்துக்கொண்டேன். மூன்று மாதம் மாவுக்கட்டு. எலும்பு கூடுவதற்குள் பொறுக்காமல் எழுந்து நடந்தது என் தப்பு, வளைவு அதனால் வந்தது. சூளைக்கு விறகு போகவில்லை. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி மறைக்க யார் இருக்கிறார்கள்.

அந்தப் பொய்யால் நஷ்டப்பட்டது நீதான். ஆயா அதை முழுசாக நம்பி, நம் கிணற்றுப் பக்கமே உன்னைப் போகவிடவில்லை. உன் வயசுப் பையன்கள் எல்லாம் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு குதித்தபோது நீ மேலே நின்று அவர்கள் சட்டையைக் காவல் காத்தாய். இன்றைக்கும் உனக்கு நீச்சல் தெரியாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

மிஷின் விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சியிடம் சொல்லி போனில் சில வீடியோ பார்த்தேன். எல்லாரும் வெண்ணெய் வெட்டுகிற மாதிரி வெட்டுகிறார்கள். நம் பக்கத்துத் தோப்பில் கூலிக்கு மரம் அறுக்க வருகிறவரையும் போய்க் கேட்டேன். அந்தச் சங்கிலி வினாடிக்கு 20 மீட்டர் ஓடுகிறதாம். கணக்குப் போட்டால் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல், நம் டவுன் பஸ் என்றைக்கும் போகாத வேகம். சங்கிலி சுற்றி ஓடுகிற இரும்புப் பட்டையின் நுனியில் மேல்பாதி ஏதாவது கிளையில் பட்டால் மிஷின் பின்னால் எகிறி முகத்துக்கு வரும் என்றார். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது, ஏணிமேல் நின்று அறுக்கக் கூடாது, வளைந்து அழுத்தத்தில் இருக்கிற கிளையை ஒரே வெட்டாக வெட்டக் கூடாது என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் கடைசியில் தன் பேண்ட்டைத் தட்டிக் காட்டி, "லுங்கி கட்டிக்கொண்டு மட்டும் கிட்ட வரவேண்டாம், சங்கிலி இழுத்துக்கும்" என்றார். நானே நெய்த குடியாத்தம் லுங்கியைக் கட்டிக்கொண்டுதான் அவர் எதிரில் நின்றிருந்தேன். என்ன பேசுவது.

அவரையே வந்து பார்க்கச் சொன்னேன். மரத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். மேலே பார்த்தார், பட்ட கொம்பு ஒன்று தொங்குவதைக் காட்டினார். மிஷின் அதிர்வுக்கே அது விழலாம் என்றார். நான் அதுவரை கவனிக்காத கரண்ட் கம்பியையும் காட்டினார். மாமரத்துக்கு அந்தப் பக்கம் பம்ப்செட்டுக்குப் போகிற லைன். ஈபி ஆபீசில் சொல்லி, லைன்மேன் வந்து நிறுத்தின பிறகுதான் கயிறே போடுவாராம். டிராக்டர் வைத்துத் தூரத்திலிருந்து இழுத்து முதலில் மாமரத்திலிருந்து விடுவிப்பார்கள். மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேலைக்காரர்கள் தவிர ஒருவரும் இருக்கக் கூடாது. விழுகிற திசைக்குப் பின்னால் சாய்வாக ஓட இரண்டு வழி சுத்தம் செய்து வைப்பார்கள். அங்கே மண்டிக் கிடக்கும் வேலிகாத்தானை அதற்கு முன்பே வெட்டித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஓடுகிற காலில் முள் செருப்பைத் தாண்டி ஏறும். இத்தனைக்கும் பங்குனியில் வருகிறேன் என்றிருக்கிறார். மரம் நம் பட்டாவுக்குள்தான் நிற்கிறதா என்று அதற்குள் சர்வேயரை வைத்து அளந்துவிடுகிறேன். இந்தத் தடவை அந்தத் தப்பு வேண்டாம்.

கல்யாணத்துக்கு மண்டியில் காய்ந்த விறகு பேசிவிட்டேன். லோடு ஐப்பசி கடைசியில் இறங்கும், மாட்டுக் கொட்டகையில் நனையாமல் அடுக்கிக்கொள்ளலாம்.

நேற்று ராத்திரி கிணற்றுப்படிக் கதையை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அன்றைக்கு உன் லுங்கி மடிப்பில் மரத்தூளை உதறினது யார்?" என்றாள். இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "நீயாகச் சொல்லுவாய் என்று இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மிஷின் வந்து சேர்ந்திருந்தால் டப்பாவைப் பிரிக்காதே. பிரிக்காமல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று பாப்பா சொல்கிறாள். ஓசூரிலிருந்து வரும்போது உன் சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு வா, பந்தல் வேலைக்கு ஆள் வேண்டும். அவனுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டு வை. நம் கிணற்றில் இப்போது தண்ணீர் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு
அப்பா