பழனியாண்டி ஒரே ஆள்தான்

ஆவணங்களைச் சரிபார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் என் அம்மா உங்கள் கவுண்டருக்கு வந்தார். வயது 78. அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. கல்யாணச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்த உங்கள் ஊழியர், "இவர்கள் இரண்டு பேரா?" என்று கேட்டார். 1968இல் எழுதிய கல்யாணச் சான்றிதழில் அப்பா பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு 'எல்', கடைசியில் 'ஒய்'. அடையாள அட்டையில் இரண்டு 'எல்', கடைசியில் 'ஐ'. அட்டையில் இருந்ததே இறப்புச் சான்றிதழிலும் வந்துவிட்டது.

அம்மா புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை. கியூ நம்பர் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் 'பழனியாண்டி' என்று தமிழில் எழுதி நீட்டினார். "இதுதான் தம்பி." அந்தத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் சீட்டை வாங்கவில்லை. தமிழ் சிஸ்டத்தில் ஏறாதாம். சத்தியப் பிரமாணம் எடுத்து வரச் சொன்னார். அரை நூற்றாண்டு கூட வாழ்ந்த மனிதர் தன் கணவர்தான் என்று அம்மா சத்தியம் செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் வேறு.

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயரைத்தான் பின்னால் போடுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் காலத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, காதில் விழுந்ததை எழுதினார். அடுத்த கிராணிக்கு வேறு காது. என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்கு மூன்றாவதாக ஓர் எழுத்துக்கோவை இருக்கிறது. இந்த ழகரம் படுகிற பாடு தனிக்கதை. அப்பாவுக்கு அது 'எல்'. என் மகள் யாழினிக்கு 'இசட்-எச்' போட்டோம். பள்ளியில் அவள் 'யாஸினி' ஆகிவிட்டாள்.

1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு சிங்கப்பூருக்கு வந்து, பிறகு இங்கே மாரியம்மன் கோயிலை எழுப்பிய நாராயண பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அவர் ஓரிடத்தில் நாரைனா, இன்னோரிடத்தில் நாராயணா. பிள்ளையின் கடைசி எழுத்து ஒரு சமயம் 'ஐ', ஒரு சமயம் 'ஒய்'. நல்லவேளை, அவர் உங்கள் கவுண்டருக்கு வரவில்லை. கப்பலில் வந்தவரும் கோயில் கட்டியவரும் ஒரே ஆள் என்று சத்தியம் செய்ய ஆள் தேடியிருப்பார்.

பத்துக் காசு நாணயத்தில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கிறது. அதில் ஏறிய தமிழ் உங்கள் சிஸ்டத்தில் ஏறாதா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: ஆங்கில எழுத்து முன்னே பின்னே இருந்தாலும் தமிழில் ஒரே பெயர், அட்டை எண்ணும் ஒன்று என்றால், ஒரே ஆள் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் ஒரு நிமிடம் பார்த்தால் போதும். எழுத்தைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள்.

வரும் புதன்கிழமை அம்மாவை மறுபடி அழைத்து வருகிறேன். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார். இந்த முறை தயவுசெய்து அதை வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பழனியாண்டி மகன்