நுண்குழல்களில் ஏறும் வேதிக்குறிகள் எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் நரம்பு செல்களின் வளர்ச்சி பற்றி அண்மையில் வெளியான கட்டுரை, நுண்குழல்களை அந்தச் செல்களின் சட்டகம் என்று அறிமுகப்படுத்தியது நன்று. ஆனால், அசிட்டைல் என்னும் சிறு வேதித்தொகுதி ஏறிய நுண்குழல்கள் உறுதிப்படுகின்றன, ஆகவே அந்த ஏற்றத்தைக் கூட்டும் மருந்து கிடைத்தால் சேதமடைந்த நரம்பு மீண்டும் வளரும் என்று அது முடித்திருப்பது, ஆய்வுகள் சொல்வதைவிட வெகுதூரம் முன்னே போய்விடுகிறது.

ஆல்ஃபா, பீட்டா என்னும் இருவகை டியூபுலின் புரதங்கள் இணை இணையாக அடுக்கப்பட்டு, சுமார் 25 நானோமீட்டர் விட்டமுள்ள குழலாகின்றன. இப்புரதங்கள் உருவான பிறகு, மரபணுவில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, நொதிகள் அப்புரதங்களில் சிறு வேதித்தொகுதிகளைச் சேர்க்கவும் நீக்கவும் செய்கின்றன. கட்டுரை இவை அனைத்தையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது.

நரம்பு வளர்ச்சியில் மிகத் தெளிவான சான்று உள்ளது டைரோசின் மாற்றத்துக்குத்தான். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஆல்ஃபா டியூபுலினின் வால் நுனியில் டைரோசின் என்னும் ஒற்றை அமினோ அமிலம் இருக்கிறது. அதை ஒரு நொதி சேர்க்கிறது என்பதை, அர்ஜென்டினாவின் கோர்டோபா பல்கலைக்கழகத்தில் எக்டோர் பார்ராவும் உடன் பணியாற்றியவர்களும் எலியின் மூளைச்சாற்றைக் கொண்டு 1970களில் கண்டறிந்தனர். நீக்கும் நொதி எதுவென்று தெரியவோ 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீக்கும் நொதி பெரும்பாலும் கட்டப்பட்ட குழலின் மேல் வேலை செய்ய, சேர்க்கும் நொதி பிரிந்து கிடக்கும் இணைகளில் மட்டுமே வேலை செய்வதால், புதிதாக எழும் குழல்கள் டைரோசினோடும் நீண்டநாள் நிலைத்தவை அது இழந்தும் காணப்படுகின்றன. நரம்பு செல்லின் நீண்ட இழையான ஆக்ஸான் வளரும்போது அதன் முனையில், எந்தத் திசையில் நீள்வது என்று துழாவும் குழல்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் நுனியைப் பற்றிக்கொள்ளும் சில புரதங்கள் டைரோசினைக் கண்டுதான் அங்கே சேர்கின்றன. மாறாக, சரக்கை ஆக்ஸானுக்குள் இழுத்துச் செல்லும் கைனசின்-1, டைரோசின் நீங்கிய தண்டவாளத்தையே விரும்புகிறது. சேர்க்கும் நொதியே இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிகள் பிறந்தவுடன் இறந்தன என்றும், அவற்றின் மூளையில் நரம்பிணைப்புகள் ஒழுங்கற்றுக் கிடந்தன என்றும் 2005இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

இதற்கு நேர்மாறாக, கட்டுரை போற்றும் அசிட்டைல் ஏற்றத்துக்குப் பொறுப்பான முதன்மை நொதியை இழந்த எலிகள் உயிர்வாழ்கின்றன, இனப்பெருக்கமும் செய்கின்றன. அவற்றிடம் தெளிவாகக் குறைந்தது தொடுவுணர்வுதான். இந்த அசிட்டைல், குழலின் உட்புறத்தில், ஆல்ஃபா டியூபுலினின் 40ஆம் இடத்திலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தில் ஏறுகிறது. அது குழலை விறைப்பாக்குவதில்லை. வளையும்போது முறியாமல் காக்கிறது என்பதை 2017இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நீண்டநாள் நிலைத்த குழலில் அசிட்டைல் சேர்கிறது என்பதையும், அசிட்டைல் சேர்ந்ததால்தான் குழல் நிலைத்தது என்பதையும் குழப்பிக்கொள்ளலாகாது. அசிட்டைலை நீக்கும் எச்டிஏசி6 நொதியைத் தடுத்தபோது, பரம்பரை நரம்பு நோயுள்ள எலிகளின் நிலை மேம்பட்டது உண்மையே. கட்டுரையாளரின் நம்பிக்கை அங்கிருந்து பிறந்திருக்கலாம். ஆயினும் அங்கு சீரானது ஆக்ஸானுக்குள் நடக்கும் போக்குவரத்து. மேலும் அந்த நொதி டியூபுலினை மட்டுமின்றி வேறு புரதங்களையும் மாற்றுவதால், கிடைத்த பலன் முழுவதையும் நுண்குழலின் கணக்கில் எழுதிவிட முடியாது.

ஏற்றம் கூடினால் நன்மையும் கூடும் என்ற எண்ணத்தைக் குளூட்டமேட் என்னும் அமினோ அமிலம் ஏறும் மாற்றம் அடியோடு மறுக்கிறது. டியூபுலினின் வாலில் தொடராகச் சேரும் குளூட்டமேட்டைக் குறைக்கும் சிசிபி1 நொதி பழுதுபட்ட எலிகளில், குளூட்டமேட் அளவுமீறிச் சேர்ந்து, சிறுமூளையின் புர்கின்யே என்னும் நரம்பு செல்கள் பிறந்த சில வாரங்களில் அழியத் தொடங்குகின்றன. அதே நொதிக்கான மரபணுவில் பழுதுள்ள குழந்தைகளுக்குக் கடுமையான நரம்புச் சிதைவு ஏற்படுவது 2018இல் அறிவிக்கப்பட்டது.

நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களும் புற்றுநோய் மருந்தால் விரல்நுனியில் உணர்விழந்தவர்களும் இத்தகைய செய்திகளை மிகுந்த எதிர்பார்ப்போடு படிக்கிறார்கள். ஆகவே எலிகளில் கண்டது எது, மனிதர்களில் உறுதியானது எது என்று பிரித்துக்காட்டும் விளக்கக் குறிப்பு ஒன்றைத் தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் விரிவுரையாளர்,
திருச்சிராப்பள்ளி.