கம்பளிப்பூச்சியின் நிறம் என்ன?

பொழுதுபோக்குப் பூங்காக்களை நடத்தும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

எனக்கும் என் அக்காவுக்கும் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரு சண்டை நடக்கிறது. நாங்கள் சின்ன வயதில் ஏறிய கம்பளிப்பூச்சி ராட்டினத்தின் மேல்துணி பச்சை என்கிறேன் நான். சிவப்பு என்று சாதிக்கிறாள் அவள். தீர்த்துவைக்க ஒரு புகைப்படம்கூட எங்களிடம் இல்லை. அதை ஓட்டிய பூங்காவிடம் இருக்கும் என்று நம்பி ஒருமுறை நேரில் போய்க் கேட்டேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

உங்களிடம் வேலை செய்யும் இளைஞர்கள் பலர் அந்த ராட்டினத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். மேடும் பள்ளமுமாக வளைந்த வட்டத் தண்டவாளம். அதில் ஒன்றோடொன்று கோத்த பெட்டிகள். முதல் சில சுற்றுகள் திறந்தபடி, சாதுவாகத்தான் போகும். வேகம் பிடித்த பிறகு இயக்குபவர் ஒரு விசையை இழுப்பார். பெட்டிகளின் ஓரத்தில் மடித்துக் கிடந்த தார்ப்பாய், வளைவுக் கம்பிகளோடு எழுந்து எங்கள் தலைக்கு மேல் கவிழும். வெளியே நிற்பவர்களுக்கு ஒரு பெரிய புழு நெளிந்து ஓடுவதுபோல் தெரியும். உள்ளே இருக்கும் எங்களுக்கு இருட்டுதான். துணி படபடக்கும் சத்தம், மசகு எண்ணெய் வாசனை, யாருடையது என்று தெரியாத அலறல்கள்.

அமெரிக்கரான ஹைலா மேய்ன்ஸ் 1925-இல் கொண்டுவந்த ராட்டினம் இது. ஆரம்ப கால இயந்திரங்களில் அடியிலிருந்து காற்று ஊதும் விசிறியும் இருந்தது. எங்களுடையதில் இல்லை, இருந்திருந்தால் அக்கா அதற்கும் ஒரு கதை வைத்திருப்பாள். தார்ப்பாய் மூடிய அந்த ஒரு நிமிட இருட்டுக்காகவே காதலர்கள் வரிசையில் நின்றார்கள் என்பது எனக்குப் பெரியவனான பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த கவலையே வேறு. வட்டத்தில் சுற்றும்போது உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். அதனால் பெரியவர் வெளியோரத்திலும் சிறியவர் உள்ளோரத்திலும் உட்கார வேண்டும், அதுதான் முறை. என் அக்கா ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. "நீ ஓரமா உக்காருடா, வேடிக்கை நல்லா தெரியும்" என்று என்னை வெளியே தள்ளிவிட்டு அவள் உள்ளே ஏறுவாள். மூடி கவிழ்ந்ததும் அவளுடைய மொத்த எடையும் என் மேல் சாயும். சுற்று முடிந்து வெளிச்சம் வரும்போது நான் பெட்டியின் சுவரோடு ஒட்டிக் கிடப்பேன். அவள் சிரித்துக்கொண்டு இருப்பாள். மறுபடியும் ஏறுவோம்.

அதை இயக்கியவர் ஒரு வயதானவர். அலறல் நன்றாக இருந்தால் மூடியைத் திறக்காமல் இன்னும் ஒரு சுற்று விடுவார். அது எங்களுக்குத் தெரியும் என்பதால் தொண்டை கிழியக் கத்துவோம். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். எத்தனை சுற்று என்று கணினி தீர்மானிக்கும் இன்றைய ரைடுகளில் இப்படி ஒரு பேரம் நடக்காது.

சரி, பூங்காவுக்குப் போன கதை. என் மகளுக்கு ஒன்பது வயதானபோது அவளை அங்கே அழைத்துப் போனேன். ராட்டினம் இருந்த இடத்தில் கான்கிரீட் தளம் போட்டு, குளிர்பானம் விற்கும் இயந்திரங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். தளத்தின் ஒரு மூலை மட்டும் லேசாக வளைந்திருந்தது. பழைய வட்டத்தின் மிச்சம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டார். அப்படி ஒரு ராட்டினம் இருந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. எப்போது நிறுத்தினார்கள், பெட்டிகள் எங்கே போயின, ஒரு பழைய விளம்பரத் தாளாவது இருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதுவும் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அது பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

பழைய ரைடுகளை எல்லாம் என்றென்றும் ஓட்டிக்கொண்டே இருங்கள் என்று கேட்கும் அளவுக்கு நான் விவரம் இல்லாதவன் இல்லை. செய்த நிறுவனம் மூடப்பட்டிருக்கும், உதிரிபாகம் கிடைக்காது. மரம் உளுத்துப்போகும். காப்பீட்டுக்காரர் கேள்வி மேல் கேள்வி கேட்பார். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்க முடியும் என்ற கணக்கில் பழைய ராட்டினங்கள் எப்போதும் தோற்றுத்தான் போகும். கழுத்துக்குத் தாங்கு இல்லாத இருக்கையில் இன்று என் மகளை உட்கார வைப்பேனா என்று கேட்டால் நானே யோசிப்பேன்.

என் வருத்தம் நீங்கள் நிறுத்துவதில் இல்லை, நிறுத்தும் விதத்தில். பழைய ராட்டினங்களுக்கு மட்டும் இந்தக் கதி என்றும் இல்லை. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 2005-இல் திறந்த கிங்டா கா 139 மீட்டர் உயரம், உலகிலேயே உயரமான ரோலர் கோஸ்டராக இருந்தது. 2024 நவம்பரில் அதன் ஓட்டம் நின்ற பிறகுதான் மூடப்பட்ட செய்தியே வெளியே வந்தது. அடுத்த பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடைசியாக ஒருமுறை ஏற வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு ஒரு நாள் கொடுப்பதில் என்ன நஷ்டம் வந்திருக்கும்?

ஃப்ளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் 1971 முதல் ஓடிய, மிஸ்டர் டோட் என்ற கதைத் தேரையின் பெயரில் இருந்த ரைடுக்கு அந்தக் கொடுப்பினையாவது இருந்தது. முன்கூட்டியே செய்தி கசிந்ததால் ரசிகர்கள் பூங்காவுக்குள்ளேயே போராடினார்கள். ஆனாலும் 1998 செப்டம்பர் 7-இல் மூடிவிட்டார்கள். அப்புறம் அதே பூங்காவின் பேய் மாளிகைக்கு வெளியே உள்ள செல்லப் பிராணிகள் கல்லறையில் அந்த டோட் தேரைக்கும் ஒரு சிலை வைத்தார்கள். அது யாரோ ஒரு வடிவமைப்பாளரின் குறும்பாக இருக்கலாம். அந்தச் சிலை மட்டும் எங்கள் ராட்டினத்துக்கு இருந்திருந்தால் நான் இந்த மடலையே எழுதியிருக்க மாட்டேன்.

குடை ராட்டினங்களின் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கையால் செதுக்கிய குதிரைகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் நல்ல விலை கிடைக்கிறது என்று தெரிந்ததும், முழு ராட்டினத்தையும் பிரித்துக் குதிரை குதிரையாக ஏலம் விட்டார்கள். இன்று அந்தக் குதிரைகள் யார் யார் வீட்டு வரவேற்பறைகளிலோ அசையாமல் நிற்கின்றன.

வேறு மாதிரியும் நடக்கும் என்பதற்கு பென்சில்வேனியாவின் லீப்-தி-டிப்ஸ் சாட்சி. 1902-இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர். வண்டி மேலெழும்பாமல் தடுக்கத் தண்டவாளத்துக்கு அடியில் பிடிக்கும் சக்கரங்கள் அதில் கிடையாது. அந்த ஏற்பாடு பரவுவதற்கு முன் கட்டியது. 1985-இல் ஓட்டம் நின்று, இடிக்காமல் அப்படியே கிடந்தது. ஆர்வலர்கள் பணம் திரட்டிச் சீரமைக்க, 1999-இல் மறுபடி ஓடியது. இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் 1920-இல் தொடங்கிய சீனிக் ரயில்வே என்ற மர ரோலர் கோஸ்டரின் ஒரு பகுதி 2008-இல் தீயில் எரிந்துபோனது. அதையும் திரும்பக் கட்டி 2015-இல் ஓட்டினார்கள். வண்டியிலேயே ஒருவர் ஏறி நின்று கையால் பிரேக் பிடிக்கும் பழைய முறையைக்கூட அவர்கள் கைவிடவில்லை. இரண்டு இடத்திலும் அந்தத் தலைமுறை முதலில் செய்தது ஒன்றுதான், அவசரப்பட்டு எதையும் தூக்கி எறியவில்லை.

இவ்வளவு செலவை நான் உங்களிடம் கேட்கவில்லை. அடுத்த முறை ஒரு ரைடை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். ஒருவரைக் கேமராவோடு அதில் ஏற்றிவிடுங்கள். சத்தத்தைக் கண்டிப்பாகப் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் படம் எடுக்கும் பலர் இசையைப் போட்டு அதை மூடிவிடுகிறார்கள். அதை இயக்கியவரையும் பேச வையுங்கள், எந்தச் சுற்றில் விசையை இழுப்பார் என்பது அவர் கைக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு பெட்டியை எங்காவது நிறுத்தி வையுங்கள். குழந்தைகள் ஏறி உட்காரட்டும். வரைபடத்தை மட்டும் தயவுசெய்து பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள்.

இந்த மடலை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். இருக்கை விஷயத்தை மறுக்கவில்லை. "ஆனா துணி சிவப்புதான், அதையும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன். உங்களில் யாருடைய கிடங்கிலாவது ஒரு பழைய தார்ப்பாய் சுருட்டிக் கிடந்தால், தூசியைத் தட்டி ஒரு ஓரத்தை மட்டும் விரித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
வெளியோரம் உட்கார்ந்து நசுங்கிய தம்பி