மாமி சொன்ன இரண்டு அடி

அன்பு மக்களே,

"பிள்ளை அடங்கணும்னா ரெண்டு அடி போடணும்னு மாமி சொல்றது சரிதானாம்மா?" என்று நீ கேட்டபோது போனில் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செய்திச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். அதனால் எழுதுகிறேன்.

மாமிமேல் கோபப்படாதே. "முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். திருவட்டாறு பக்கம் அப்போது கூரையிறப்பில் ஒரு புளியம் விளாறு சொருகி வைக்காத வீடு குறைவு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வருவார்கள். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போய்வந்து, ஐந்தாறு பிள்ளைகளையும் மேய்க்கிற வீட்டில் அடிதான் சீக்கிரம் முடிகிற வேலை.

அது என்ன கற்றுக்கொடுக்கும் என்பதை அங்கன்வாடியில் தினமும் பார்த்தேன். ஒரு பையன், பக்கத்துப் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையைப் பறிப்பான். அவன் அம்மா கூட்டிப்போக வரும்போது யாராவது சொல்லிவிடுவார்கள். வாசலில் வைத்தே முதுகில் ஒன்று போட்டு, "அடங்குவியாலே?" என்பாள். மறுநாள் அவன் தன்னைவிடச் சின்னதாக ஒன்றைத் தேடிப் பிடிப்பான். உள்ளங்கையை விரித்து, முதுகில் அதே இடத்தில் போட்டு, "அடங்குவியாலே?" இழுத்துச் சொல்கிற ராகம்கூட மாறாது. கடைசியில் முட்டை பரிமாறும் வேலையை அவனிடமே கொடுத்தேன். தனக்கு ஒன்றை முதலில் எடுத்து வைத்துக்கொண்டுதான் மற்றவர்களுக்குக் கொடுப்பான், அது வேறு விஷயம். ஆனால் பறிப்பது நின்றது.

மாப்பிள்ளை ஆராய்ச்சி கேட்கிறாராமே? 2016-ல் கெர்ஷாஃப், குரோகன்-கெய்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பிள்ளைகள். விளாறு கணக்கெல்லாம் இல்லை, வெறும் கையால் அடிப்பதைத்தான் பார்த்தார்கள். அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடுதலாக இருந்தது, பெற்றோரோடு ஒட்டுதல் குறைவாக இருந்தது. இதற்கு லார்ஸெலர் போன்ற வேறு ஆய்வாளர்கள் ஒரு மறுப்பு சொல்கிறார்கள்: முரண்டு பிடிக்கிற பிள்ளைதானே கூடுதல் அடி வாங்கும், எது முதலில் வந்தது என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்விதான். ஆனால் மக்களே, பிள்ளைமேல் கை வைக்கிறவர்தானே அதனால் நன்மை உண்டென்று காட்ட வேண்டும்? வேண்டாம் என்பவரிடம் போய்ச் சாட்சி கேட்பது என்ன முறை?

சட்டத்தைச் சொல்லி மாமியைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் தெரிந்திருக்கட்டும். நீங்கள் இருக்கும் வேல்ஸில் 2022 மார்ச் 21 முதல் பிள்ளையை அடிப்பதற்கு எந்தச் சாக்கும் செல்லாது. பெற்றோருக்கு மட்டுமில்லை, ஆறு மாச விசாவில் வந்திருக்கிற பாட்டிக்கும் அதே சட்டம்தான். பக்கத்து இங்கிலாந்தில் "நியாயமான தண்டனை" என்று வாதாட இன்னும் இடம் இருக்கிறது. நம் நாட்டில் 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வாத்தியார் கையைத்தான் கட்டியது, வீட்டுக்குள் வரவில்லை. அதுதான் என் கவலை. போலீஸுக்குப் பயந்து அங்கே அடக்கி வைத்த கை, லீவுக்கு ஊரில் வந்து இறங்கியதும் நீளும். "இங்க யாரு கேக்கப் போறா" என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்பதற்கு நான் இருக்கிறேன்.

நீ ஒன்று கவனித்துப் பார். உன் பிள்ளை தரையில் புரண்டு அழுவதெல்லாம் பெரும்பாலும் நீ டூட்டி முடிந்து வருகிற நேரத்தில்தான். அவனுக்குப் பசி, தூக்கம். உனக்குக் கால் வலி. மாமிக்கு நாள் முழுக்க அவனோடு மல்லுக்கட்டிய அலுப்பு. அந்த நேரத்தில் விழுகிற அடி அலுப்பில் விழுகிறது, அவன் செய்த தப்புக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. நீ வருமுன்பே அவனுக்குச் சோறு கொடுத்துவிடச் சொல். போன் கிடையாது என்றால் கிடையாதுதான், எவ்வளவு நேரம் கத்தினாலும் சரி. பத்து நிமிஷம் கத்தவிட்டு அப்புறம் எடுத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். அது அடிப்பதைவிட மோசமாகக் கெடுக்கும். உன் அப்பா அதில் கெட்டிக்காரர், பேரன் இங்கே வந்தால் முதலில் அவரைத்தான் கட்டிப்போட வேண்டும்.

மாமியிடம் ஞாயிற்றுக்கிழமை நானே பேசுகிறேன். முதலில் முட்டுவலி, அப்புறம் அங்கத்தைய குளிர், அதற்கப்புறம் இது. நீ இடையில் புகுந்து ஒன்றும் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா